மேலே போகாத ராக்கெட்டுக்கு ஒரு வாழ்த்து

எங்கள் பேப்பரின் அறிவித்தல் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற ஆளிடம் இப்படிக் கேட்டால் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துதான் கேட்டீர்களோ தெரியாது. அறிவித்தலுக்குப் பெட்டி கட்டுவது, படம் வெட்டுவது, கட்டணம் போடுவது எல்லாவற்றையும் இப்போது கணினியே உங்களுக்குச் சொல்லித் தரும். ஆகவே அதை விட்டுவிட்டு ஒரு ராக்கெட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். மரண அறிவித்தல் எடுக்கிறவளுக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அன்றைக்கு எங்கள் முகாமையாளரும் கேட்டார். ஆனால் ராக்கெட்டைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பது செய்தி ஆசிரியர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் சனம் கருத்துச் சொல்லத்தான் வரும். என்னிடம் வருகிற சனம் அறிவித்தல் பெட்டிக்குக் காசு கட்டிவிட்டுச் சொல்லும்.

நான் தலைநகரின் கொட்டாஞ்சேனை அலுவலகத்தில் அந்த மேசையில் இருந்த காலம் முழுக்கப் போர்க்காலம். இடையில் கொஞ்சம் சமாதானம் வந்து போனது. அந்தச் சமாதான நாட்களில் அமெரிக்க அரசாங்கத்தின் விண்ணோடம் ஒன்று திரும்பி வரும்போது சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் மாண்டார்கள். ஒருவர் இந்தியாவில் பிறந்த பெண். அடுத்த நாளே எங்கள் பகுதி ரியூசன் வகுப்புப் பிள்ளைகள் கண்ணீர் அஞ்சலி போட வந்துவிட்டார்கள். படத்தில் அந்தப் பெண் நடுவில் வர வேண்டும், மற்ற ஆறு பேரையும் வெட்டக் கூடாது என்று என்னோடு சண்டை பிடித்தார்கள். யாருடைய பிழை, எவ்வளவு செலவு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பிறகு பக்கத்து நாட்டு அரசாங்கத்தின் ராக்கெட் ஒன்று செய்மதியோடு கடலில் விழுந்தது. ஆட்கள் இல்லாத ராக்கெட், ஆகவே அழ ஆளில்லை. ஏசத்தான் ஆளிருந்தது. "சோத்துக்கு வழியில்லாத சனத்தின்ர காசைக் கொண்டுபோய்க் கடலுக்குள்ள கொட்டுறாங்கள்" என்று என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு கடை முதலாளி ஏசினார். பின்னாளில் அதே நாடு சந்திரனுக்குக் கலம் அனுப்பியபோது அரைப் பக்க வாழ்த்துக் கொண்டுவந்தவரும் அவர்தான். அரசாங்க ராக்கெட் என்றால் அப்படித்தான். விழுந்தால் அவர்களுடையது, பறந்தால் எங்களுடையது.

தனியார் ராக்கெட்டுக்கு அந்த மரியாதையும் கிடையாது. விழுந்தால் பணக்காரனின் வாணவேடிக்கை என்று சிரிப்பார்கள். பறந்தால் காசிருந்தால் எவனும் பறப்பான் என்பார்கள். எங்கள் யாழ்ப்பாண ஆட்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அரசாங்க உத்தியோகம் என்றால் உத்தியோகம், மற்றதெல்லாம் வேலை தேடுகிறவன் இடையில் செய்கிற ஏதோ ஒன்று. ராக்கெட் செய்தாலும் அரசாங்கத்துக்குச் செய்தால்தான் பெண் கொடுப்பார்கள்.

இந்த நிலைமையில்தான், போரின் கடைசி வருடங்களில் ஒரு நாள், சேவையர் ஐயா என் மேசைக்கு வந்தார். அரசாங்கத்தில் காணி அளந்து ஓய்வுபெற்றவர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றில் மனைவியோடு இருந்தார். வெள்ளைச் சட்டை, பொக்கற்றில் இரண்டு பேனை. வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு வருவதென்றால் அந்த நாட்களில் பஸ்ஸிலிருந்து எத்தனை இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள் என்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். அவர் அவ்வளவையும் தாண்டி, மடிப்புக் குலையாமல் வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, மகனுக்கு ஒரு வாழ்த்துப் போட வேணும்."

"என்ன விசேஷம் ஐயா?"

"இன்னும் நடக்கேல்லை. நாளைக்கு நடக்கும். நீங்கள் அதுக்கு அடுத்த நாள் பேப்பரில போடுங்கோ."

பரீட்சை முடிவு வரும் காலத்தில் இது நமக்குப் பழக்கம்தான். படத்தையும் பெயரையும் முதலிலேயே தந்து பெட்டி பிடித்துவிடுவார்கள். முடிவு வந்ததும் "போடுங்கோ" என்று ஒரு ஃபோன் வரும். ஃபோன் வராவிட்டால் நாங்களும் பேசாமல் பெட்டியை எடுத்துவிடுவோம். பிள்ளை தவறிவிட்டது என்று வாயால் கேட்கிற சங்கடம் இரண்டு பக்கத்துக்கும் இல்லை. ஆனால் சேவையர் ஐயா கொண்டுவந்தது பரீட்சை இல்லை. மகன் கஜன் அமெரிக்காவில் ஒரு தனியார் கம்பனியில் ராக்கெட் செய்கிறான். நாளைக்கு அது மேலே போகிறது.

கேட்காமலே கதை முழுவதையும் சொன்னார். கஜன் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலையில் இருந்தவன். அதை விட்டுவிட்டு இந்தக் கம்பனிக்குப் போனான். "நாசமாப் போற கொம்பனி எண்டு நான்தான் சொன்னனான் பிள்ளை. சொல்லிக் கொஞ்ச நாளில முதலாவது விழுந்தது." அன்றிலிருந்து தகப்பனும் மகனும் பேசுவதில்லை. தாய் பேசுவார், இவர் பக்கத்தில் இருந்து கேட்பார். இரண்டாவதும் விழுந்தது. "அண்டைக்கு அவன் தாயிட்ட அழுதவன். எனக்குக் கேட்டது. ரிசீவரை வாங்கிக் கதைச்சிருக்கலாம். வாங்கேல்லை."

"இப்ப கதைக்கலாமே ஐயா" என்றேன்.

"வெக்கமாயிருக்கு. அவன் இண்டர்நெட்டில உங்கட பேப்பரை ஒவ்வொரு நாளும் பாக்கிறவன். இந்த முறை சரிவரும். நான் முதல்ல கதைக்கிறது பேப்பரிலயா இருக்கட்டும்."

வாசகத்தை முத்து முத்தான எழுத்தில் எழுதி வைத்திருந்தார். கஜனின் நிறுவனத்து ராக்கெட் வெற்றிகரமாக விண்ணை அடைந்ததையிட்டுப் பூரிப்படையும் பெற்றோர் என்று முடிந்தது. சரிவந்ததும் எனக்கு ஃபோன் எடுங்கள் ஐயா, அதற்குப் பிறகு போடுகிறேன் என்றேன். அவர் தலையாட்டவில்லை. சரிவரும் என்று நம்புகிறவன் சரிவந்தது என்று சொல்ல ஃபோன் எடுத்துக்கொண்டா இருப்பான் என்று கேட்டார். ஆகவே மற்றவர்கள் செய்வதற்கு நேர்மாறாக ஒரு ஒழுங்கு செய்தார். சரிவராவிட்டால் மட்டும் எனக்கு ஃபோன் எடுப்பார். ஃபோன் வராவிட்டால் போட வேண்டும். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் வெளிநாட்டுச் செய்தி செய்கிறவர் சிரித்துக்கொண்டே வந்தார். "அக்கா, உங்கட ஆளின்ர ராக்கெட் கடலுக்குள்ள. மூண்டாவது முறையாம். நாலாம் பக்கத்தில போடுறன், நல்ல பகிடி."

ஃபோனைப் பார்த்தேன். அது பேசாமல் இருந்தது. அறிவித்தல் பக்கம் ஐந்து மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும், வெளியூருக்குப் பேப்பர் ஏற்றுகிற வான் வண்டிகள் காத்து நிற்கும். நானே சேவையர் ஐயாவின் கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தேன். அணைத்திருந்தது. வீட்டுக்கு எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாம் முறை அவருடைய மனைவி எடுத்தார்.

வெள்ளவத்தையில் காலையிலிருந்து சுற்றிவளைப்பு. பொலிஸ்காரர் அவர்களுடைய தெரு முழுவதையும் மறித்து வீடு வீடாகச் சோதித்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸில் பதிந்த துண்டில் ஐயாவின் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்ததாம். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று மற்றவர்களோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நாட்களில் அப்படிச் சொல்லி ஏற்றப்பட்டவர்கள் பின்னேரமே வீட்டுக்கு வந்ததும் உண்டு, வராததும் உண்டு. இதையெல்லாம் அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "ராக்கெட் மேல போயிட்டுதோ தங்கச்சி?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, நான் வேலை செய்த காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுதான் கடினமானது. புருஷனைக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த மனுசிக்கு அன்றைக்கு ஒரு நல்ல செய்தியாவது வேண்டும். போய்விட்டது அம்மா என்று சொன்னால் ஒரு இரவு கொஞ்சம் சுகமாக இருப்பார். விடிந்தால் எங்கள் பேப்பரின் நாலாம் பக்கத்திலேயே உண்மையைப் பார்ப்பார். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும், புருஷன் நாளைக்கு வந்துவிடுவார் என்று சொன்னாலும், நம்ப மாட்டார்.

"போகேல்லை அம்மா. இந்த முறையும் சரிவரேல்லை."

பிறகு, "அங்க இப்ப காலமையாய் இருக்கும். சாப்பிட்டிருப்பானோ தெரியாது" என்றார். வாழ்த்தை என்ன செய்வது என்று கேட்டேன். "அது அவர் மகனோட கதைக்கிற கதை. நான் அதுக்குள்ள வரமாட்டன். அவரைக் கேட்டுச் செய்யுங்கோ" என்றார்.

அவரை எங்கே போய்க் கேட்பது? சொன்னபடி போட்டால், நாலாம் பக்கத்தில் விழுந்த ராக்கெட் ஒன்பதாம் பக்கத்தில் வெற்றிகரமாக விண்ணை அடைந்திருக்கும். வெள்ளவத்தை முழுக்கச் சிரிக்கும். மகன் அதைப் பார்த்தால் தகப்பன் நக்கல் அடிக்கிறார் என்றே நினைப்பான். பேசாமல் எடுத்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை என்று தோன்றும். முகாமையாளரும் அதைத்தான் சொன்னார். "விழுந்தவனைப் பார்த்துச் சனம் சிரிக்கும். அதுக்கு நாங்கள் பெட்டி கட்டிக் குடுக்கக் கூடாது, எடுத்துப்போடுங்கோ." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எடுத்தால் அந்த மனிதர் பேசுவதற்கு இன்னொரு வெற்றி வரும்வரை காத்திருப்பார். எழுபதைத் தாண்டியவர், அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்பதுகூடத் தெரியாது.

அப்போதுதான் எங்கள் பொலிஸ் செய்தியாளரின் நினைவு வந்தது. கிராண்ட்பாஸ் முஸ்லிம் ஆள். சிங்களத்தில் அவர் கதைக்கத் தொடங்கினால் முறைத்துக்கொண்டு நிற்கிற பொலிஸ்காரரும் கதிரை எடுத்துப் போடுவார்கள். சுற்றிவளைப்புச் செய்திக்காக அவர் ஏற்கெனவே அங்கேதான் போயிருந்தார். ஃபோனில் விஷயத்தைச் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திருப்பி எடுத்தார்.

"மனுசன் இங்கதான் ஈக்கிறாரு அக்கா, பொலிஸ் வளவுக்குள்ள வாங்குல குந்திட்டு. இங்குள்ள பெரிய பொலிஸ்காரருக்கிட்டச் சொல்லீட்டேன், அவரு அங்கால பார்த்துட்டு நிக்கிறாரு. கெதியாக் கதைங்க."

பிறகு சேவையர் ஐயாவின் குரல். "பிள்ளை, ஃபோனை வாங்கி வைச்சிட்டினம். அதாலதான் உங்களுக்கு எடுக்கேல்லை. போட்டுட்டீங்களோ?"

அவ்வளவு இடரிலும் மனிதர் எங்கள் ஒழுங்கை மறக்கவில்லை. தன் மௌனத்தை நான் பிழையாக விளங்கிவிடுவேன் என்றுதான் அவருக்குக் கவலை.

"இன்னும் இல்லை ஐயா. ராக்கெட் சரிவரேல்லை."

பின்னால் யாரோ சிங்களத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"ஆக்கள் ஆரும் இருந்தவையோ அதுக்குள்ள?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா."

"கீழ நிண்டவை?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையாம்."

"அப்ப பிறகென்ன. போடுங்கோ."

"வெற்றிகரமாக எண்டெல்லோ எழுதித் தந்தனீங்கள்?"

"அதை எடுத்துப்போட்டு உள்ளதைப் போடுங்கோ. சொல்லுறன், எழுதுங்கோ."

எழுதினேன். அவர் ஒரு சொல்லையும் தேடவில்லை. காணியின் எல்லை சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எங்கள் மகன் கஜனும் அவனது கூட்டாளிகளும் செய்த ராக்கெட் நேற்று விண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. ஒருவருக்கும் காயம் இல்லை. அடுத்த ராக்கெட்டுக்கு எங்கள் வாழ்த்துகள்."

"கீழ பெற்றோர் எண்டு இருக்கு ஐயா."

"அதை எடுங்கோ. அப்பா, அம்மா எண்டு தனித்தனியாப் போடுங்கோ. அவன் என்னைத்தான் தேடுவான்." பிறகு அவசரமாக, "மனிசிட்ட நான் சாப்பிட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. பெடியனுக்கு நான் இங்க நிக்கிறது தெரியவேண்டாம்" என்றார். ஃபோன் கைமாறிவிட்டது. அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்று செய்தியாளர் பிறகு சொன்னார். அவரே பணிஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அந்தத் தம்பிக்கு நான் எத்தனையோ தடவை நன்றி சொல்லிவிட்டேன், இன்னும் தீரவில்லை.

வாசகத்தை முகாமையாளரிடம் கொண்டுபோனேன். மூன்று தரம் வாசித்தார். "இது வாழ்த்தோ? இதை எந்தத் தலைப்பில போடுறது?" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. பிறந்ததற்கு நம்மிடம் பெட்டி உண்டு, இறந்ததற்கு உண்டு, முப்பத்தோராம் நாள் நினைவுக்கு உண்டு, பாஸானதற்கு உண்டு. தவறியதற்கு ஒரு பெட்டியும் இல்லை. வாழ்த்து என்ற தலைப்பிலேயே போடுவோம் என்றேன். அவர் எங்கே இருந்து இதைச் சொன்னார் என்பதையும் சொன்னேன். முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு ஃபோன் வந்தால் நீங்கள்தான் எடுக்க வேணும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஏதாவது பிழையாகப் போயிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு அவர்தான் பதில் சொல்லியிருப்பார். அவர் இன்று இல்லை. அவருக்கும் என் நன்றி.

ஃபோன் வந்தது. காலை முழுக்க வந்தது. பேப்பருக்கு விசர் பிடித்துவிட்டதோ என்று கேட்டார் ஒருவர். அரசாங்க வேலையில் இருந்திருந்தால் பெடியனுக்கு இந்த நிலை வந்திருக்குமோ என்று இன்னொருவர் எனக்கே புத்தி சொன்னார். ஆனால் முகத்துவாரத்தில் இருந்து எடுத்த ஒரு தாய் சிரிக்கவில்லை. அவருடைய மகள் உயர்தரப் பரீட்சையில் இரண்டாம் முறையும் தவறிவிட்டு அறைக்குள்ளேயே இருக்கிறாளாம். "அந்த ராக்கெட்டுக்குப் போட்ட மாதிரி எங்கட பிள்ளைக்கும் ஒண்டு போட ஏலுமோ மிஸ்?" என்று கேட்டார். ஏலும் என்றேன். அதற்குப் பிறகு அப்படி ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். எங்கள் மேசையில் அதற்கு ராக்கெட் வாழ்த்து என்றே பெயர் வைத்தோம்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் தூரத்து இரைச்சலோடு ஒரு ஃபோன். கஜன். நித்திரை கொள்ளாத குரல்.

"அக்கா, நேத்து முழுக்க இஞ்ச ரீவியில எங்களைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தவங்கள். பிறகு உங்கட பேப்பரைப் பார்த்தனான். அது அப்பா சொன்னதோ, நீங்கள் எழுதினதோ?"

"உப்பிடி எழுத எனக்கு வராது தம்பி. முழுக்க அவர் சொன்னது."

"அப்பாவோ சொன்னவர்?"

"ஓம் தம்பி. அப்பா, அம்மா எண்டு தனித்தனியாப் போடச் சொன்னவர். நீங்கள் தேடுவீங்களாம்."

அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய ஆண் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டு ஃபோனைப் பிடித்திருந்தேன். எங்கிருந்து சொன்னார் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு எடுங்கோ என்று மட்டும் சொன்னேன். சேவையர் ஐயாவை அன்று விடியவே விட்டுவிட்டார்கள், அது எனக்குத் தெரியும். அன்றைக்கு ரிசீவரை அவர்தான் எடுத்தாராம். அம்மா எனக்குப் பிறகு சொன்னார். என்ன கதைத்தார்கள் என்று கேட்டேன். "மழையைப் பற்றிக் கதைச்சினம்" என்றார்.

சில மாதத்தில் நாலாவது ராக்கெட் மேலே போனது. எங்கள் பேப்பரிலும் பெரிய படத்தோடு வந்தது, இந்த முறை முதலாம் பக்கத்தில். பகிடி என்று சொன்ன அதே ஆள்தான் தலைப்புப் போட்டார். அடுத்தடுத்த நாள் சேவையர் ஐயா வந்தார். அதே வெள்ளைச் சட்டை. நான் கால் பக்கப் பெட்டி ஒன்றை அவருக்காகப் பிடித்து வைத்திருந்தேன், சொன்னேன்.

"வேண்டாம் பிள்ளை. இதை ஊரே வாழ்த்துது. நான் ஏன் காசு குடுக்க வேணும்?"

வேறு ஒன்று கேட்டு வந்திருந்தார். விழுந்த நாளின் பேப்பர் வேண்டும். இண்டர்நெட்டில் இருக்கிறதே என்றேன். கடதாசியில் வேண்டுமாம். கஜன் வேலை செய்யும் இடத்தில் சுவரில் மாட்டப் போகிறார்களாம், ஒருவருக்கும் தமிழ் தெரியாவிட்டாலும். பறந்த நாள் பேப்பரும் அனுப்பட்டோ என்று இவர் கேட்டதற்கு, அது எல்லாப் பேப்பரிலும் வந்திருக்கு அப்பா, வேண்டாம் என்றானாம். இதைச் சொல்லும்போது அப்பா என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

விற்பனைப் பிரதி ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கட்டி வைத்த கோப்புப் பிரதி மட்டும் இருந்தது. கோப்புப் பிரதி எந்தக் காரணத்துக்காகவும் வெளியே போகக் கூடாது என்று அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறதே, அந்த விதியை எழுதி ஒட்டியவள் நான்தான்.

கட்டியிருந்த நூலை வெட்டி அந்த நாள் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். அந்த வருடத்துக் கட்டில் ஒரு நாள் குறைகிறது என்று உங்களில் யாராவது தேடிக் களைத்தால், இனித் தேட வேண்டாம்.